முப்பத்தாறாவது படம்

நெவில் ட்ரெகன்ஸா வீட்டில் எட்டாயிரத்துச் சொச்சம் ஃபிலிம் ஸ்லைடுகள் இருந்தன. அத்தனையும் அவர் கையால் எடுத்தவை, செருப்புப் பெட்டிகளில் தேதிவாரியாக அடுக்கியவை. தும்பியின் கண், எறும்பின் தாடை, பனித்துளிக்குள் தலைகீழாக நிற்கும் புல், பாசியின் நுனியில் முளைத்த தொப்பி. மனுஷ முகம் மட்டும் ஒன்றுகூடக் கிடையாது. அவர் மனைவி மேவிஸ் இறந்த வாரம்தான் இது அவருக்கே தெரியவந்தது.

அடக்கத்தன்று சர்ச்சில் கொடுக்கும் தாளில் போடவும் சவப்பெட்டி மேல் வைக்கவும் ஒரு படம் வேண்டும் என்று போதகர் கேட்டார். நெவில் மூன்று நாள் பெட்டி பெட்டியாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மேவிஸ் பதினொரு படங்களில் இருந்தாள். பதினொன்றிலும் கட்டைவிரல் மட்டும்; காற்றில் ஆடும் இலையை அசையாமல் பிடித்திருந்த கட்டைவிரல். கடைசியில் மேவிஸின் தங்கை க்வெண்டா தன் கல்யாணப் படத்தின் ஓரத்தைக் கத்தரித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். ஐம்பத்தைந்து வயதில் போனவளின் சவப்பெட்டிக்கு மேல் இருபத்தாறு வயது மேவிஸ் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரித்தாள்.

"முப்பது வருஷம் உன் பின்னாடி மடக்கு நாற்காலியும் பிளாஸ்க்கும் தூக்கிட்டு அலைஞ்சா," என்றாள் க்வெண்டா, பாத்திரம் கழுவிக்கொண்டே. "உனக்கு அவ துணி உலர்த்துற கிளிப்பு. அவ்வளவுதான் நெவ்."

அவர் ஸ்லைடுகளைப் பெட்டிகளில் தேதிவாரியாகத் திருப்பி அடுக்கினார்.

கெட்ட மனுஷன் என்று அவரை யாரும் சொல்ல மாட்டார்கள். அடிலெய்டுக்கு மேற்கே கடலுக்குள் நீண்ட தீபகற்பத்தில், பென்ஹாலோ ஊர்த் தானியக் கிடங்கில், வருகிற தானியத்தின் மாதிரியை எடுத்துச் சோதிக்கிற வேலை அவருக்கு. அறுவடைக் காலத்தில் லாரிகள் பார்லியோடு வரிசையில் நிற்கும். நெவில் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கிண்ணம் அள்ளி, வெள்ளைத் தட்டில் பரப்பி, பூதக்கண்ணாடியில் பார்ப்பார். ஒரே ஒரு வண்டு உயிரோடு ஓடினால் போதும், இருபது டன் லாரி திரும்பிப் போக வேண்டியதுதான். லாரிக்காரன் கெஞ்சினாலும் திட்டினாலும் அவர் நிமிர்ந்து முகம் பார்க்க மாட்டார். தட்டைத்தான் பார்ப்பார். இருபத்தெட்டு வருஷம் தட்டைப் பார்த்த கண் வேறு எதைப் பார்க்கும் என்று அவர் சார்பாக வாதாடலாம். பக்கத்து வீட்டில் இருக்கும் நானும் ரொம்ப நாள் அப்படித்தான் வாதாடிக்கொண்டிருந்தேன்.

மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை மாலை ஊர் மன்றத்தில் புகைப்படக் கிளப் கூடும். பன்னிரண்டு பேர், ஒரு புரொஜெக்டர், ஒரு தட்டு சாண்ட்விச். அடிலெய்டிலிருந்து நடுவர் வருவார். வருகிற நடுவர் எல்லாருக்கும் ஒரே மந்திரம்: ஓரத்தைப் பாருங்கள். படத்தின் மூலையில் ஒரு குச்சி நீட்டிக்கொண்டிருந்தால் ஒரு மதிப்பெண் போயிற்று. பூவுக்குப் பின்னால் ஒரு புல் குறுக்கே ஓடினால் இன்னொன்று. ஆகவே கிளப்பில் அத்தனை பேர் பையிலும் ஒரு நகம்வெட்டும் கத்தரி இருக்கும். பூச்சியையோ பூவையோ எடுப்பதற்கு முன் சுற்றியுள்ள புல்லையும் சுள்ளியையும் நறுக்கிச் சுத்தம் செய்வார்கள். அதற்கு அவர்களிடையே 'தோட்டவேலை' என்று பெயர். அதைத் தப்பு என்று அங்கே யாரும் நினைத்ததில்லை. சாமி படத்துக்கு முன்னால் கூட்டிப் பெருக்குவதைத் தப்பென்று யார் நினைப்பார்கள்? நெவில் மேவிஸின் தையல் கத்தரியை வைத்திருந்தார். அதன் நுனி மெல்லிசு, எந்த இடுக்கிலும் போகும்.

க்வெண்டா ரோ வேறு ரகம். புருஷன் போன பிறகும் தனியாக முந்நூறு ஏக்கர் பார்லியும் இருநூறு ஆடும் பார்த்துக்கொள்கிறவள். அவள் வயலை ஒட்டி ரிக்பி ரோடு போகிறது. ரோட்டோரமாக இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு, இருபது முப்பது தப்படி அகலத்தில், பழைய காட்டின் மிச்சம் ஒரு துண்டு. ஒரு காலத்தில் தீபகற்பம் முழுக்க இருந்த மல்லி என்று அங்கே சொல்லும் குட்டை யூகலிப்டஸ் மரக்காடு, கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக அந்தத் துண்டில் வந்து நின்றிருந்தது. இப்போது அதற்கும் நாள் குறித்தாயிற்று. லாரிகள் வருஷத்துக்கு வருஷம் நீளமாகின்றன, ரோட்டை அகலப்படுத்த வேண்டும் என்றது கவுன்சில். எதிர்ப்பக்கம் வயல், எடுத்தால் விலை கொடுக்க வேண்டும். இந்தப் பக்கம் புதர்தானே.

க்வெண்டா இரண்டு வருஷமாகக் கடிதம் எழுதினாள். கூட்டத்துக்குப் போய்க் கையை உயர்த்தினாள். ஊரில் அவளுக்கு 'மரக்கிறுக்கி' என்று பெயர் வந்ததுதான் மிச்சம். மேவிஸ் ஞாயிற்றுக்கிழமைகளில் நாற்காலி போட்டு ஸ்வெட்டர் பின்னிய இடம் அது. நெவில் பத்தடி தள்ளிக் குப்புறக் கிடப்பார். அக்காவும் தங்கையும் இறைச்சி அடைத்த பாஸ்டி தின்றுகொண்டு ஊர்க்கதை பேசுவார்கள். க்வெண்டா அந்தக் காரணத்தை எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. பறவை, மண் அரிப்பு, காற்றுத் தடுப்பு என்றுதான் எழுதினாள்.

மேவிஸ் போன மறு வருஷம், தொண்ணூற்று மூன்றில், செப்டம்பர் மாதத்து முதல் சனிக்கிழமை, நெவில் அந்தக் காட்டுத் துண்டில் வழக்கம்போல வயிற்றால் ஊர்ந்துகொண்டிருந்தார். ஒரு சிலந்தியைத் தேடிப் போனவர், முள்வேலப் புதரின் அடியில் எதையோ பார்த்து அப்படியே அசையாமல் கிடந்தார். சிலந்தி ஆர்கிட். உதடு மாதிரி சிவந்த நடு இதழும், சுற்றிலும் தொங்கும் ஐந்து மெல்லிய இதழுமாக, ஒரு சாண் உயரத்தில் ஒற்றைப் பூ. ஆர்கிட் அவருக்குப் புதிதல்ல. ஆனால் இதன் இதழ் நுனிகளில் கறுப்பாகத் தடித்த குமிழ்கள் இருந்தன. இந்த வகையை அவர் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறார். அந்தப் புத்தகமும், இந்தத் தீபகற்பத்தில் நாற்பது வருஷமாக யாரும் இதைப் பார்த்ததில்லை என்றுதான் சொன்னது.

அவர் நேராக க்வெண்டா வீட்டுக்குப் போனார். அவள் முட்டிவலியோடு வந்து, மண்டியிட்டு, முள்ளுக்கிடையில் எட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை. எழுந்தபோது கண் கலங்கியிருந்தது, முட்டிவலி என்றாள்.

கவுன்சிலில் செடிகொடி பார்க்கும் அதிகாரி ஹட்டனுக்கு அன்றைக்கே வீட்டு நம்பரில் போன் போட்டாள். அரிய செடி ஒன்று ஆதாரத்தோடு இருந்தால் ரோட்டை எதிர்ப்பக்கம் திருப்பச் சொல்லி எழுத அவருக்கு அதிகாரம் உண்டு. வியாழக்கிழமை வருகிறேன் என்றார். அதற்குள் ஒரு படமும் எடுத்து வைக்கச் சொன்னார்.

"நெவ், நல்லாக் கேட்டுக்கோ," என்றாள் க்வெண்டா. "பூ தெரியணும். பின்னாடி என் வேலி தெரியணும். ரோட்டு நம்பர் கல்லு தெரியணும். நாலடி தள்ளி நின்னு ஒண்ணே ஒண்ணு எடு. பரிசு வாங்குற படம் வேண்டாம். கழுதைகூட எடுக்கிற படம் போதும்."

"சரி."

"சரின்னு சொல்லிட்டு அதோட மூக்குக்குள்ள போயிடாத."

"சரின்னேன்ல."

ஞாயிற்றுக்கிழமை காலை காற்றே இல்லை. தீபகற்பத்தில் கடல்காற்று இல்லாத காலை வருஷத்தில் எத்தனை வரும்? நெவில் சூரியன் வருவதற்கு முன்பே போய்க் கிடந்தார். கேமராவில் முப்பத்தாறு படம் எடுக்கும் ஒரு புது ரோல். கடைசி ஒன்று க்வெண்டாவுக்கு என்று மனதில் ஒதுக்கி வைத்திருந்தார்.

கேமராக் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது பூ அப்படியே மனதை அள்ளியது. ஆனால் முள்வேலம் குறுக்கே நின்றது. ஒரு கிளை பூவின் கழுத்தை வெட்டிக்கொண்டு போனது. இன்னொன்று மூலையில். பின்னால் நாலைந்து, கோணல்மாணலாக. நெவில் தையல் கத்தரியை எடுத்தார். ஒன்றை நறுக்கினார். பார்த்தார். இன்னொன்றை நறுக்கினார். அரை மணி நேரத்தில் பூவைச் சுற்றி இரண்டடி வட்டத்துக்கு முள் என்பதே இல்லை. நறுக்கியதையெல்லாம் பொறுக்கித் தூரப் போட்டார். இரண்டு ஃபிளாஷ் வைத்து எடுத்தார். பூவின் மேல் விழும் வெளிச்சம் பின்னால் போய்ச் சேராது, அதனால் பின்னணி கன்னங்கரேலென்று விழும். கிளப்பில் அந்தக் கறுப்புக்கு மவுசு அதிகம்.

முப்பதாவது படத்தின்போது சூரியன் வந்தது. இதழின் ரோமம் ஒவ்வொன்றும் ஒளி பிடித்தது. முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. முப்பத்தைந்தாவதில் ஒரு சின்னக் குளவி வந்து உதட்டின் மேல் உட்கார்ந்தது. வாழ்நாளெல்லாம் கிடந்தாலும் கிடைக்காத காட்சி. நெவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினார். குளவி உடலை வளைத்தது. மறுபடி அழுத்தினார். அதற்கப்புறம் ஃபிலிம் நகரவில்லை.

க்வெண்டாவின் படம் போயிற்று என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. நாளைக்கு இன்னொரு ரோல் வாங்கி வந்து எடுத்தால் ஆயிற்று, பூ எங்கே ஓடிவிடப் போகிறது என்று நினைத்தார். திங்கட்கிழமை கிடங்கில் ஆள் குறைவு. செவ்வாயும் புதனும் மழை. அதுவும் போகட்டும், வியாழக்கிழமை ஹட்டனே நேரில் பார்க்கப் போகிறாரே, படம் எதற்கு?

வியாழக்கிழமை மூவரும் போனார்கள். ஹட்டன் முன்னால் நடந்தார். முள்வேலத்துக்குள் குனிந்து பார்த்தவர், "எங்கே?" என்றார்.

பூ இல்லை. தண்டு இல்லை. இலைகூட இல்லை. ஈர மண்ணில் விரற்கடை அளவுக்கு ஒரு பச்சைக் குச்சி, சாய்வாகக் கடிபட்டு நின்றது. சுற்றிலும் முயல் புழுக்கை. மண்ணைக்கூடக் கொஞ்சம் கீறிப் பார்த்திருந்தது.

"முயல்," என்றார் ஹட்டன், வருத்தமாகவே. "ஊரெல்லாம் முயல்தான். ஆனா இந்த மாதிரி ஆர்கிட்டெல்லாம் முள்ளுப் புதருக்குள்ளதான் தப்பிச்சு நிக்கும். முயல் மூக்கை நுழைக்காது. இது எப்படி உள்ள வந்துச்சுன்னு தெரியல."

க்வெண்டா குனிந்து ஒரு கிளையைப் பிடித்தாள். பிறகு அடுத்ததை. நுனிகள் எல்லாம் வெள்ளை வெளேரென்று வட்டமாக வெட்டுப்பட்டிருந்தன. அவள் ஹட்டன் கார் வரைக்கும் போகட்டும் என்று காத்திருந்தாள்.

"முயல் கத்தரிக்கோல் வச்சிருக்காது நெவ்."

நெவில் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். "குறுக்க இருந்துச்சு," என்றார்.

"எதுக்குக் குறுக்க?"

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்திருந்தார். க்வெண்டா கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அக்கா செத்த அன்றைக்கு இருந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வேலிக் கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

ஹட்டன் நல்ல மனுஷன்தான். இருவரும் காரருகே வந்ததும், கடித்த குச்சியை வைத்து எதுவும் எழுத முடியாது, அது எந்தச் செடியாகவும் இருக்கலாம் என்றார். கிழங்கு மண்ணுக்குள் இருந்தால் அடுத்த வருஷம் முளைக்கலாம். ஆனால் நவம்பரில் புல்டோசர் வருகிறது. "படம் இருக்கில்ல? இந்த இடம்தான்னு தெரியற மாதிரி ஒண்ணு இருந்தாப் போதும். இருபத்தெட்டாம் தேதி கவுன்சில் கூட்டத்துல நானே வைக்கறேன்."

"முப்பத்தாறு இருக்கு," என்றாள் க்வெண்டா. நெவில் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. முப்பத்தாறிலும் பின்னால் இருட்டு என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். ஒருவேளை ஏதாவது ஒன்றில், ஏதாவது ஒரு ஓரத்தில், வேலிக் கம்பி ஒரு கோடாகவாவது விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். முப்பது வருஷமாக ஓரத்தைத் துடைத்தே வந்தவர் அந்தப் பத்து நாளும் ஓரத்தில் ஒரு குப்பைக்காக வேண்டிக்கொண்டிருந்தார்.

ஸ்லைடுகள் மெல்போர்னில் கழுவி, தபாலில் வந்து சேர்ந்தன. க்வெண்டா வந்து சமையலறை மேஜையில் உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாக ஜன்னலுக்கு நேரே பிடித்தார்கள். நான் அந்தப் படங்களைப் பார்த்திருக்கிறேன். அத்தனை அழகான படங்களை அந்த மாவட்டத்தில் யாரும் எடுத்ததில்லை. சிவப்பு, பச்சை, இதழ் நுனியில் கறுப்புக் குமிழ். சுற்றிலும் ஒரு தூசுகூட இல்லாத இருட்டு.

க்வெண்டா ஸ்லைடின் அட்டைச் சட்டத்தைத் திருப்பிப் பார்த்தாள். கேமராக் கண்ணாடியின் அளவு, ஃபிளாஷின் அளவு, தேதி எல்லாம் பென்சிலில் குறித்திருந்தது. இடம் மட்டும் இல்லை. இடத்தை எழுதும் வழக்கம் அவருக்கு இல்லை. எழுதினால் ஆர்கிட் திருடுகிறவன் தோண்டிக்கொண்டு போய்விடுவான் என்று கிளப்பில் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள்.

"இது எங்க எடுத்தது நெவ்?"

"உனக்குத் தெரியாதா? ரிக்பி ரோட்டுல."

"எனக்குத் தெரியும். இதைப் பார்த்து யாருக்குத் தெரியும்?" கடைசி ஸ்லைடைப் பெட்டியில் வைத்தாள். "நிலாவுல எடுத்தேன்னு நீ சொன்னாலும் நம்பலாம்."

"இப்பவே போய் அந்த இடத்தை எடுத்துட்டு வரேன். ரெண்டையும் சேர்த்துக் குடுத்தா—"

"பூ இல்லாத இடம் ஒண்ணு. இடம் இல்லாத பூ ஒண்ணு." அவள் எழுந்து கோட்டை மாட்டினாள். "எங்க அக்காவுக்கு நீ ஒரு விரலாவது மிச்சம் வச்ச."

இருந்தாலும் அவள் ஸ்லைடுகளை ஹட்டனிடம் கொடுத்தாள். இருபத்தெட்டாம் தேதி கூட்டத்தில் வைத்தார்கள். ஒரு உறுப்பினர், பார்லி விவசாயி, நெவில் பல தடவை லாரியைத் திருப்பி அனுப்பிய ஆள், படத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ட்ரெகன்ஸா ஆர்கிட் பார்க்க எத்தனையோ ஊர் போறவன். எந்த மலையில எடுத்தானோ," என்றார். சிரித்தார்கள். ஓட்டு ஏழுக்கு இரண்டு; காட்டை வெட்டுவது என்று முடிவாயிற்று.

நவம்பர் இரண்டாம் வாரம் மூன்று நாள் புல்டோசர் வேலை நடந்தது. நெவில் போகவில்லை. கிடங்கிலிருந்தே சத்தம் கேட்டது என்று என்னிடம் சொன்னார். ஆறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து கேட்டிருக்க முடியாது, ஆனால் நான் மறுக்கவில்லை. க்வெண்டா மூன்று நாளும் வேலியோரம் நின்றாள். மேவிஸின் மடக்கு நாற்காலியை அவள் எடுத்துப் போயிருந்தாளாம், உட்காரவில்லையாம். மேவிஸ் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமைதோறும் நெவில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவள், அதற்கப்புறம் வருவதை நிறுத்திவிட்டாள்.

டிசம்பரில் கிளப்பின் வருடாந்தரப் போட்டி. அந்தப் படத்தை, குளவி உட்கார்ந்திருக்கும் முப்பத்தாறாவது படத்தை, நெவில் தானே கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டார். ஏன் போட்டார் என்று நான் ஒருமுறை கேட்டேன். "தெரியல," என்றார். "நல்ல படம் அது." இரண்டுமே உண்மை என்றுதான் நினைக்கிறேன்.

விளக்கை அணைத்தார்கள். திரையில் பூ ஆளுயரத்துக்கு எழும்பியது. யாரோ 'ஐயோ' என்று மெல்லச் சொன்னார்கள். அடிலெய்டிலிருந்து வந்த நடுவர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார்.

"ஓரத்தைப் பாருங்க," என்றார். "நாலு மூலையையும் பாருங்க. கண்ணை இழுக்கிற மாதிரி ஒண்ணு, ஒரே ஒண்ணு காட்டுங்க பார்ப்போம். சுத்தி ஒண்ணுமே இல்ல. அதுதான் இந்தப் படம்." இருபதுக்கு இருபது கொடுத்தார். கிளப்பில் அதுவரை யாரும் வாங்கியதில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். செயலாளர் ரெஜ் நான்கிவெல், "நெவில், ரெண்டு வார்த்தை பேசுப்பா," என்றார்.

நெவில் எழுந்தார். அவர் கூட்டத்தில் பேசி யாரும் கேட்டதில்லை.

"சுத்தி முள்ளு இருந்துச்சு," என்றார். "நான்தான் வெட்டினேன். முள்ளு இல்லாததால முயல் தின்னுடுச்சு. இது ரிக்பி ரோட்டுப் பூ. பின்னாடி வேலி தெரியற மாதிரி ஒண்ணு எடுக்கச் சொன்னாங்க, எடுக்கல. எடுத்திருந்தா அந்தக் காடு இருந்திருக்கும். இப்ப நிஜமாவே சுத்தி ஒண்ணும் இல்ல." கொஞ்சம் நின்றார். "அவ்வளவுதான்."

இருட்டில் புரொஜெக்டரின் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ஒருத்தர் இருமினார். நடுவர் தன் காகிதங்களை அடுக்கினார். பிறகு முன்வரிசையிலிருந்து, நெவிலைச் சங்கடத்திலிருந்து காப்பாற்றுகிற நல்லெண்ணத்தோடுதான், ரெஜ் கேட்டார்:

"ஃபிளாஷ் ஒண்ணா, ரெண்டா?"

"ரெண்டு," என்றார் நெவில். "இடது பக்கத்தது கொஞ்சம் தள்ளி இருந்தது." எவ்வளவு தள்ளி என்று இரண்டு கையாலும் அளந்து காட்டினார்.